வேகமான கணினியில் கனத்துப்போன மவுஸ்: ஒரு பழைய விளையாட்டின் நிகழ்வு ஆய்வு

முறையீடு

“கையை நகர்த்துகிறேன், விளையாட்டு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது.”

நண்பர் தொலைபேசியில் சொன்ன முதல் வாக்கியம் இது. அதன்பின் இரண்டு நாள் நடந்த வேலையெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு எண் கண்டுபிடித்ததுதான். அவர் கணினித் துறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் ‘யோசித்துவிட்டு’ என்ற சொல்லிலேயே நோயின் பெயரைச் சொல்லியிருந்தார். நான்தான் உடனே கவனிக்கவில்லை.

விளையாட்டு 2000களின் நடுவில் வெளியானது. முதல் நபர் பார்வையில் ஓடிச் சுடும் வகை. விண்டோஸில் கிராபிக்ஸ் கார்டிடம் படம் வரையச் சொல்லும் இடைமுகமான டைரக்ட் 3டி 9-ஐ நம்பி எழுதப்பட்டது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவும் ஒரே குணம் கொண்டவை. கணினி புத்தம் புதியது: விண்டோஸ் 10, வலுவான கிராபிக்ஸ் கார்டு, 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) எல்சிடி திரை, வினாடிக்கு 1000 முறை செய்தி அனுப்பும் மவுஸ். திரையின் மூலையில் காட்டப்படும் ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது விளையாட்டு வினாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை, 60-ஐ விட்டு அசையவே இல்லை.

“இதே விளையாட்டை அப்போதைய கணினியில் 40 ஃபிரேமுக்கு மேல் போகாமல் ஆடியிருக்கிறேன். கைக்கும் கண்ணுக்கும் நடுவில் எந்தத் தடையும் இருந்ததில்லை. இது அதைவிடப் பல மடங்கு வேகமான கணினி. மவுஸ் மட்டும் சேற்றில் இழுப்பதுபோல இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், இது எப்படி?” என்றார்.

கணினி மெதுவாக இருப்பதால் விளையாட்டு மெதுவாக இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரியும். கணினி வேகமாக இருப்பதாலேயே கை தாமதமாகத் தெரிகிறது என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை.

என்னை அழைக்கும் முன்பே அவர் செய்து பார்த்தவை ஏராளம். மவுஸை மாற்றியிருந்தார். யுஎஸ்பி துளைகளை மாற்றியிருந்தார். கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தார். விளையாட்டை வேகப்படுத்துவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இரண்டு உட்கார்ந்திருந்தன. படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார். நிழலே இல்லாத, அழுதுவடியும் உலகத்தில் ஓடிக்கொண்டிருந்தார். இவ்வளவுக்கும் பிறகு, “ஒருவேளை கொஞ்சம் தேவலையோ என்று தோன்றுகிறது, சரியாகச் சொல்லத் தெரியவில்லை” என்றார். இந்தச் ‘சரியாகச் சொல்லத் தெரியவில்லை’யை ஒழிப்பதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தேன்.

புகார் எந்த வகை?

மவுஸ் சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். கை நகர்ந்த பிறகு படம் பிந்தித் திரும்புவது தாமதம். படம் சீராக ஓடாமல் விட்டுவிட்டு ஓடுவது திக்கல். அதே தூரம் கையை நகர்த்தினாலும் வேகத்தைப் பொறுத்துக் கோணம் மாறுவது முடுக்கம். மூன்றும் விரலுக்கு ஒரே எரிச்சலைத்தான் தருகின்றன; மருந்து மட்டும் வேறு வேறு.

முடுக்கத்தைச் சோதிப்பது எளிது. மேசையில் ஓர் அளவுகோலை வைத்து, மவுஸை 10 சென்டிமீட்டர் மெதுவாக நகர்த்தி, அதே தூரம் வேகமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பார்வை புறப்பட்ட இடத்துக்கே வந்தால் முடுக்கம் இல்லை. நண்பரின் விளையாட்டில் பார்வை தள்ளிப்போய் நின்றது. விண்டோஸின் மவுஸ் அமைப்பில் ‘சுட்டித் துல்லியத்தை மேம்படுத்து’ என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதன் வேலை இது. பெயருக்கும் செயலுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் அமைப்புகள் குறைவு. மேசைத்திரையில் அது உதவக்கூடும். பழைய விளையாட்டுகள் பல, மவுஸ் அம்பைத் திரையின் நடுவில் வைத்து, அது எவ்வளவு விலகியது என்று பார்த்து, மறுபடி நடுவுக்கே இழுத்துவைக்கும் முறையில் நகர்வைக் கணக்கிட்டன. அம்பு போன தூரத்தில் விண்டோஸின் முடுக்கமும் சேர்ந்தே வரும். பெட்டியின் குறியை நீக்கியதும் பார்வை சரியாகத் திரும்பி வந்தது.

“இப்போது?” என்று கேட்டேன்.

“நேராகப் போகிறது. ஆனால் இன்னும் யோசிக்கிறது.”

ஆக, முடுக்கம் உடன் வந்த நோய்; முதன்மை நோய் தாமதமே.

எண்ணிப் பார்த்தல்

தாமதத்தை உணர்ச்சியால் அளக்க முடியாது. ஓர் அமைப்பை மாற்றியவுடன் பத்து நிமிடம் எல்லாம் மேம்பட்டதுபோலத் தோன்றும்; மறுநாள் பழையபடி கனக்கும். மாற்றியது நாமே என்பதால் மனம் நமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறது.

இதற்கு ஆய்வகக் கருவி வேண்டியதில்லை. மெதுவியக்கக் காணொளி எடுக்கும் கைபேசி போதும். வினாடிக்கு 240 படம் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் இடைவெளி 4.17 மில்லி வினாடி. கையும் திரையும் ஒரே சட்டகத்தில் விழுமாறு கைபேசியை நிறுத்தினோம். மவுஸை மெல்ல நகர்த்தினால் அது எந்தப் படத்தில் நகரத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு தடித்த புத்தகத்தின் விளிம்பால் மவுஸைப் பக்கவாட்டில் தட்டச் சொன்னேன். தட்டிய கணம் தெளிவாகத் தெரியும். அதிலிருந்து திரையில் காட்சி அசையும் வரை படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ண வேண்டும்.

சில சங்கதிகளைக் கவனிக்காவிட்டால் எண்கள் பொய் சொல்லும். திரை மேலிருந்து கீழாக வரையப்படுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஏறக்குறைய 16 மில்லி வினாடி வித்தியாசம். எனவே எப்போதும் திரையின் நடுப்பகுதியில் ஒரே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். தட்டும் கணம் திரையின் சுழற்சியில் எங்கே விழும் என்பது தற்செயல்; அதனால் ஒரே அமைப்பிலேயே ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் மூன்று நான்கு படங்கள் ஏறி இறங்கும். ஒவ்வொரு நிலையிலும் பத்து முறை தட்டி, நடு மதிப்பை எடுத்துக்கொண்டோம். நண்பருக்கு இதில் விளையாட்டைவிட அதிக ஆர்வம் வந்துவிட்டது. ஒரு தாளில் கோடு போட்டு எழுதத் தொடங்கினார்.

முதல் இரண்டு எண்கள்:

மேசைத்திரையில் சாதாரண மவுஸ் அம்பு: 9 படங்கள், அதாவது ஏறக்குறைய 38 மில்லி வினாடி.

விளையாட்டுக்குள் பார்வை திரும்புவது: 29 படங்கள், ஏறக்குறைய 121 மில்லி வினாடி.

இந்த இரண்டு வரிகள் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தின. மவுஸ், யுஎஸ்பி துளை, கேபிள், திரை ஆகிய எல்லாம் முதல் எண்ணிலும் இருக்கின்றன. அவை அனைத்தும் சேர்ந்தே 38தான். மீதி 83 மில்லி வினாடி விளையாட்டு தொடங்கிய பிறகுதான் பிறக்கிறது. அவர் மாற்றிய மவுஸும் துளையும் நிரபராதிகள். தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகப் பயன்படுத்துவோருக்கு முதல் எண்ணே பெரிதாக வரலாம். அப்போது பெட்டியின் ‘கேம் மோடு’ அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு நுணுக்கம்: மேசைத்திரை அம்பைக் கிராபிக்ஸ் கார்டு தனி அடுக்காக, மற்றப் படத்தின் மேல் வைக்கிறது. விளையாட்டின் பட்டியல் பக்கத்தில் தெரியும் அம்பு அப்படியல்ல. விளையாட்டே ஒவ்வொரு ஃபிரேமிலும் வரைந்தது. எனவே காட்சிக்கு எவ்வளவு தாமதமோ அவ்வளவும் அந்த அம்புக்கும் உண்டு. பழைய வியூக விளையாட்டுகளில் அம்பு கையின் பின்னால் ரப்பர் கயிறு கட்டியதுபோல இழுபட்டு வருவது இதனால்தான். அவற்றில் சிலவற்றில் ‘ஹார்டுவேர் கர்சர்’ என்று ஓர் அமைப்பு உண்டு; அதை இயக்கினால் அம்பு மட்டும் உடனே விடுதலை பெறும். நம் விளையாட்டில் அது இல்லை. ஆனாலும் பட்டியல் பக்கத்தில் அம்பை வட்டமாகச் சுற்றிப் பார்ப்பது நல்ல முதற்கட்டச் சோதனை. அங்கேயே பின்தங்கினால் சுடுதல், ஓடுதல் சார்ந்த நிரல் காரணமல்ல. படம் திரைக்கு வரும் பாதைதான் காரணம்.

யோசிப்பது யார்?

வரைந்த படத்தைத் திரையின் சுழற்சியோடு ஒத்துப்போக வைக்கும் அமைப்புக்கு வி-சிங்க் என்று பெயர். விளையாட்டின் அமைப்பில் அதை அணைத்து மறுபடி அளந்தோம். 29 இருந்த இடத்தில் 11.

நண்பர் குதித்தார். நான் குதிக்கவில்லை. திரையின் நடுவில் படம் குறுக்கே கிழிந்து, மேல் பாதி ஒரு பக்கமும் கீழ் பாதி இன்னொரு பக்கமும் ஓடியது. ஃபிரேம் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது, விசிறி இரைந்தது. கதவு ஒன்று திறக்காமல் நடுங்கியது. அந்தக் கால விளையாட்டுகளில் பல, ஒரு ஃபிரேமுக்கு ஒரு படி என்ற கணக்கில் இயக்கத்தைக் கணக்கிட்டவை. ஃபிரேம் எண்ணிக்கை எல்லை மீறினால் அவற்றின் உலகமே தடுமாறும். குவேக் 3 அரீனாவில் வினாடிக்கு 125 ஃபிரேமில் ஓடினால் கூடுதல் உயரம் குதிக்கலாம் என்பதை ஆட்டக்காரர்கள் ஒரு வித்தையாகவே வைத்திருந்தார்கள். ஆகவே வி-சிங்கை அணைப்பதை மருந்தாகக் கொள்ள முடியாது. நோயைக் காட்டிக்கொடுத்த சோதனை என்ற அளவில் அதற்கு நன்றி.

இனி நண்பர் முதலில் கேட்ட அந்த ‘எப்படி’க்கு வருவோம்.

ஒரு ஃபிரேம் உருவாகும் வழி இது: பிராசசர் மவுஸைப் படிக்கிறது, பார்வையின் கோணத்தை மாற்றுகிறது, எதை எங்கே வரைய வேண்டும் என்று கட்டளைத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்துக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கிறது. கார்டு வரைகிறது. வி-சிங்க் இயங்கினால், வரைந்த படம் திரையின் அடுத்த சுழற்சி வரும் வரை காத்திருந்து, அதன் பிறகே காட்டப்படுகிறது.

பிராசசர் தொகுப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காது. கார்டு வரைந்து முடிக்கும் முன்பே அடுத்த ஃபிரேமின் தொகுப்பைத் தயாரித்து வரிசையில் வைத்துவிடும். பிறகு அதற்கு அடுத்தது. டைரக்ட் 3டியில் இந்த வரிசையின் இயல்பான எல்லை 3 ஃபிரேம். எங்கேனும் ஒரு ஃபிரேம் கணக்கிட நேரமானாலும் கார்டு வேலையின்றி நிற்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நோக்கம் நல்லதுதான்.

வரிசை எப்போது நிரம்பும்? தயாரிப்பவர் வேகமாகவும் எடுத்துச் செல்பவர் மெதுவாகவும் இருந்தால் நிரம்பும். அந்தக் காலத்தில் நண்பரின் பிராசசர் ஒரு ஃபிரேமைத் தயாரிக்க 25 மில்லி வினாடி எடுத்தது. அது கொடுப்பதற்குள் கார்டு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கும். வரிசை எப்போதும் காலி. அவர் கை நகர்ந்தால், அந்த நகர்வைச் சுமந்த ஃபிரேம் நேரே திரைக்குப் போயிற்று. இன்றைய பிராசசர் அதே ஃபிரேமை இரண்டு மூன்று மில்லி வினாடியில் முடித்துவிடுகிறது. ஆனால் திரை 16.7 மில்லி வினாடிக்கு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் சில ஃபிரேம்களிலேயே வரிசை நிரம்பிவிடும். அதன் பிறகு ஆட்டம் முடியும் வரை நிரம்பியே இருக்கும். இப்போது மவுஸைப் படித்துத் தயாரித்த ஃபிரேம் வரிசையின் வாலில் போய் நிற்கிறது. முன்னால் மூன்று பேர். ஆளுக்கு 16.7 என்றால் 50 மில்லி வினாடி. திரையில் நாம் பார்ப்பது கடந்துபோன கை. விளையாட்டு யோசிக்கவில்லை; என்றைக்கோ யோசித்து முடித்துவிட்டு வரிசையில் நிற்கிறது.

ஃபிரேம் எண்ணிக்கை 60-ஐ விட்டு அசையாததற்கும் இதுவே காரணம். வரிசை நிரம்பியிருந்தால் திரைக்கு ஒருபோதும் பஞ்சமில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சுகமாகத் தெரியும். அது சொல்வது எத்தனை படம் வருகிறது என்பதை. வரும் படம் எவ்வளவு பழையது என்பதை அது சொல்வதே இல்லை. நண்பர் படத் தரத்தைக் குறைத்தது ஏன் பயன்படவில்லை என்பதும் இங்கே விளங்கும். கார்டின் வேகம் தடையாக இருந்திருந்தால் பயன்பட்டிருக்கும். இங்கே தடை திரையின் சுழற்சி. நிழல்களைப் பறிகொடுத்ததுதான் மிச்சம்.

அந்தக் காலத்துத் திரையையும் மறக்கக் கூடாது. பழைய சிஆர்டி (படக்குழாய்) திரைகள் பல 85 ஹெர்ட்ஸில் ஓடின; ஒரு சுழற்சிக்கு 11.8 மில்லி வினாடி. வரிசை முழுக்க நிரம்பியிருந்தாலும் 50-க்குப் பதில் 35தான்.

இந்தப் பிரச்சினையை அன்றைய நிரலாளர்கள் அறியாதவர்களும் அல்லர். குவேக் 3 அரீனாவின் கட்டளைகளில் ‘ஆர்_ஃபினிஷ்’ என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும், கார்டு வரைந்து தீரும் வரை பிராசசரைக் காத்திருக்க வைக்கும்; வரிசை சேராது. அன்ரியல் டோர்னமென்ட் 2004-இன் அமைப்புகளில் ‘மவுஸ் தாமதத்தைக் குறை’ என்ற பொருளிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. இரண்டும் ஃபிரேம் எண்ணிக்கையில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும் என்பதால் அன்று பலர் அணைத்துவைத்தார்கள். இன்றைய கணினியில் அந்த இழப்பு பொருட்டே அல்ல. உங்கள் பழைய விளையாட்டில் இப்படி ஏதேனும் அமைப்பு இருந்தால் முதலில் அதைத்தான் தொட வேண்டும். நண்பரின் விளையாட்டில் தேடினோம், இல்லை.

சிகிச்சை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் பத்துத் தட்டு என்று விதி வைத்துக்கொண்டோம். நான்கைந்தை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு எது பலித்தது என்று தெரியாமல் விழிப்பவர்களே அதிகம். அடுத்த முறை கோளாறு வந்தால் அவர்கள் ஐந்தையும் மறுபடி செய்வார்கள்.

முதலில் விளையாட்டின் அமைப்புக் கோப்பு. அதில் மவுஸ் நகர்வை மென்மையாக்கும் வரி ஒன்று இருந்தது. பட்டியல் பக்கத்தில் அது தெரியாது. மவுஸ்கள் வினாடிக்கு 100 முறையோ 125 முறையோ மட்டும் செய்தி அனுப்பிய காலத்தில் ஒரு ஃபிரேமில் இரண்டு செய்தி, அடுத்ததில் ஒன்று என்று ஏறுமாறாக விழும், பார்வை நடுங்கும். அதை மறைக்க, இந்த ஃபிரேமின் நகர்வையும் முந்தைய ஃபிரேமின் நகர்வையும் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். சராசரியில் பாதி எப்போதும் பழைய செய்தி. இன்றைய மவுஸுக்கு இந்த ஊன்றுகோல் வேண்டியதில்லை. அணைத்தோம்: 29 போய் 27. சிறிய லாபம்தான், ஆனால் செலவில்லாதது.

அடுத்து, பழைய மென்பொருள்களுக்காக விண்டோஸில் உள்ள ‘முழுத்திரை மேம்பாடுகளை முடக்கு’ என்ற பொருந்துதன்மைப் பெட்டி. எங்கே கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். 27 இருந்த இடத்தில் 27. குறியை எடுத்துவிட்டோம். வேறு விளையாட்டில் வேறு கணினியில் பலன் தரலாம், இங்கே இல்லை. எக்ஸ்பி பொருந்துதன்மைப் பெட்டியும் அப்படியே. வேகப்படுத்தும் மென்பொருள்கள் இரண்டையும் நீக்கினோம். எண்ணில் மாற்றமில்லை, கணினி தொடங்கும் நேரம் மட்டும் குறைந்தது.

பிறகு முக்கியமான மாற்றம். கிராபிக்ஸ் டிரைவரின் அமைப்பில், இந்த விளையாட்டுக்கு மட்டும் தனியாக, வரிசையின் நீளத்தை 3-இலிருந்து 1 ஆக்கினோம். டிரைவருக்கு டிரைவர் இதன் பெயர் மாறும். என்விடியாவில் நெடுங்காலம் ‘முன்கூட்டி வரையும் ஃபிரேம்களின் உச்ச எண்ணிக்கை’ என்ற பொருளில் இருந்தது. 2019-க்குப் பிறகு ‘லோ லேட்டன்சி மோடு’ என்ற பெயரில் இருக்கிறது. அளந்தோம்: 27 இருந்த இடத்தில் 19.

எட்டுப் படங்கள் என்றால் 33 மில்லி வினாடி. வரிசையில் இரண்டு பேர் குறைந்தால் 2 பெருக்கல் 16.7. கணக்கு புள்ளி பிசகாமல் உட்கார்ந்தது. தாளில் எழுதிய எண் கோட்பாட்டோடு இப்படிப் பொருந்தும்போது வரும் மகிழ்ச்சி தனி. விளையாட்டை மறந்து இருவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிச்சமிருக்கும் அந்த ஒருவரையும் அனுப்ப முடியுமா? முடியும், டிரைவரைக் கெஞ்ச வேண்டியதில்லை. தயாரிப்பவர் எடுத்துச் செல்பவரைவிட ஒரு துளி மெதுவாக இருந்தால் வரிசை தானாகவே காலியாகும். பழைய கணினி தன் இயலாமையால் செய்ததை நாம் வேண்டுமென்றே செய்ய வேண்டும். ரிவாட்யூனர் போன்ற ஃபிரேம் கட்டுப்பாட்டு மென்பொருள் இதற்கு உதவும். வி-சிங்க் இயங்கியபடியே, ஃபிரேம் எல்லையைத் திரையின் சுழற்சிக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும்.

முதலில் 59 என்று வைத்தோம். தாமதம் குறைந்தது, ஆனால் வினாடிக்கு ஒருமுறை காட்சி ஒரு சிறு துள்ளல் துள்ளியது. 60 இடத்துக்கு 59 ஆள். வினாடிக்கு ஒரு படம் இரண்டு முறை காட்டப்படுகிறது. எல்லையைத் திரையின் உண்மையான சுழற்சிக்கு 0.01 மட்டும் கீழே இறக்கினால் அந்தத் துள்ளல் 100 வினாடிக்கு ஒருமுறை என்று தள்ளிப்போகும். யார் கண்ணிலும் படாது. உண்மையான சுழற்சி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: பெட்டியில் 60 என்று போட்டிருந்தாலும் பல திரைகள் 59.94-இல் ஓடுகின்றன. அதற்கு 59.99 என்று எல்லை வைத்தால் வரிசை மறுபடி நிரம்பிவிடும். நண்பரின் திரையை அளந்து, அதற்கேற்ற எண்ணை வைத்தோம்.

15 படங்கள். ஏறக்குறைய 63 மில்லி வினாடி.

19-இலிருந்து 4 படம் குறைவு, அதாவது சரியாக ஒரு ஃபிரேம். மேசைத்திரையின் 9-க்கும் இந்த 15-க்கும் இடையில் இருப்பது, ஃபிரேமைத் தயாரித்து வரைந்து திரையின் அடுத்த சுழற்சிக்குக் காத்திருக்கும் நேரம். வி-சிங்க் இருக்கும் வரை, 60 ஹெர்ட்ஸ் திரையில், அதை மேலும் பெரிதாகச் சுரண்ட முடியாது.

நண்பர் உட்கார்ந்து ஒரு கட்டம் ஆடினார். பேசவே இல்லை. நிழல்களையும் மறுபடி ஏற்றிக்கொண்டார்.

இடையில் வந்த இன்னொரு கோளாறு

தாமதம் குறைந்த பிறகே வேறொன்று கண்ணில் பட்டது. மெதுவாகத் திரும்பினால் சரி. சட்டென்று பின்னால் திரும்பினால் பார்வை பாதியில் நின்றுவிடுகிறது. முன்பு சேற்றில் இது தெரியவில்லை.

இதற்குக் காரணம் அந்த 1000 ஹெர்ட்ஸ் மவுஸ். விலை உயர்ந்த பொருள்மேல் பழி போட மனம் வராது; இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். 60 ஃபிரேம் ஓடும்போது, ஒரு ஃபிரேமுக்குள் 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் 16 அல்லது 17 முறை செய்தி அனுப்புகிறது. செய்திகளைச் சேமித்துவைத்துப் படிக்கும் சில விளையாட்டுகளில் ஒரு செய்தியின் இடவல நகர்வு ஒரு பதிவு, மேல்கீழ் நகர்வு இன்னொரு பதிவு. ஆக ஃபிரேமுக்கு முப்பதுக்கு மேல். 125 ஹெர்ட்ஸ் மவுஸை மனத்தில் வைத்து, 16 பதிவு போதும் என்று நிரலாளர் ஒரு கூடையை வைத்திருந்தால் மீதி வெளியே கொட்டும். மெதுவாக நகர்த்தும்போது செய்திகள் குறைவு, கொட்டுவதில்லை, வேகத்தில் கொட்டுகிறது. நண்பரின் அறிகுறி அப்படியே இதுதான்.

மவுஸின் மென்பொருளில் 250 ஹெர்ட்ஸ் ஆக்கினோம். ஃபிரேமுக்கு நான்கு செய்தி, எட்டுப் பதிவு. பின்னால் திரும்பினால் முழுதாகத் திரும்பியது. இதில் இழந்தது என்ன? 1000 ஹெர்ட்ஸில் ஒரு செய்தி சராசரியாக அரை மில்லி வினாடி காத்திருக்கும், 250-இல் இரண்டு. வித்தியாசம் ஒன்றரை மில்லி வினாடி. கைபேசியின் ஒரு படத்துக்குக்கூடப் போதாது. அளந்தும் பார்த்தோம், 15தான். மவுஸ் பெட்டிமேல் பெரிய எழுத்தில் அச்சிடும் எண்ணுக்கும், உள்ளே வரிசையில் கிடந்த 50 மில்லி வினாடிக்கும் உள்ள விகிதத்தை நண்பர் அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டார். புது மவுஸ் வாங்கியதைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

பிற விளையாட்டுகளில்

இதே கோளாறு வேறு வேடங்களிலும் வரும். 2008-இல் வந்த டெட் ஸ்பேஸ் கணினிப் பதிப்பில் விளையாட்டின் சொந்த வி-சிங்கை இயக்கினால் ஃபிரேம் 30-க்கு இறங்கி மவுஸ் கனத்துவிடும். அதை அணைத்துவிட்டு டிரைவரில் வி-சிங்கை இயக்குவதுதான் எல்லோரும் கண்ட வழி. சாளரத்துக்குள் ஓடும் விளையாட்டுகளில், விண்டோஸ் எல்லாச் சாளரங்களையும் ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பும் கட்டம் குறுக்கே வரும். விண்டோஸ் 8 முதல் அதை அணைக்கவே முடியாது. பழைய விளையாட்டைச் சாளரத்தில் ஆடிவிட்டுத் தாமதம் என்று சொல்பவர்கள் முதலில் முழுத்திரைக்கு மாறி அளக்க வேண்டும். டைரக்ட் 3டி அழைப்புகளை வல்கன் என்ற இன்னொரு வரைகலை இடைமுகத்துக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு, வரிசை நீளத்தை 1 ஆக்கும் வரி அதன் அமைப்புக் கோப்பிலேயே உண்டு. டிரைவரைத் தேடி ஓட வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து

மறுபடி தொலைபேசி. “பழையபடி யோசிக்கிறது.”

“எண்ணினீர்களா?”

“எண்ணாமல் அழைப்பேனா? 19.”

29 என்றிருந்தால் எல்லாம் போயிற்று என்று பொருள். 27 என்றால் டிரைவர் அமைப்பும் ஃபிரேம் எல்லையும் சேர்ந்தே போயிருக்கலாம் என்று தேடியிருப்பேன். 19 என்றால் மென்மையாக்கும் வரி அணைந்தே இருக்கிறது, வரிசை நீளமும் 1-ஆகவே இருக்கிறது. ஃபிரேம் எல்லை மட்டும் இல்லை.

“ஃபிரேம் கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடுகிறதா, பாருங்கள்” என்றேன்.

சற்று நேரம் பதில் இல்லை. கணினி தொடங்கும்போது கூடவே எழும் மென்பொருள்களின் பட்டியலை முந்தைய நாள் சுத்தம் செய்ததாகவும், அதில் அதையும் சேர்த்து நீக்கிவிட்டதாகவும் பிறகு சொன்னார். பத்து நிமிடத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் ஓர் எண் மட்டும் இருந்தது: 15.